ஜீயஸ் வீடும் ஓடின் வீடும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒலிம்பஸ் வேறு, ஒலிம்பியா வேறு. ஒலிம்பஸ் வடக்கு கிரேக்கத்தில் இருக்கும் மலை. உயரம் ஏறக்குறைய 2,917 மீட்டர். ஒலிம்பியா தெற்கே பெலொபொன்னீஸ் தீபகற்பத்தில், ஆற்றோரத்தில் இருக்கும் கோயில் ஊர். விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் வந்தது இந்த ஊரால்தான். இரண்டுக்கும் நடுவே பல நாள் நடை. பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் கிரேக்கத் தெய்வங்களின் ராஜாவான ஜீயஸ். மலையில் குடியிருந்ததால் அவனுக்கு ஒலிம்பியன் என்று பட்டப்பெயர். அவனைக் கும்பிட்ட ஊருக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

ஆக, ஒரே தெய்வத்துக்கு இரண்டு முகவரி. ஒன்று அவன் குடியிருக்கும் இடம், மற்றது மனிதர்கள் அவனைப் போய்ப் பார்க்கும் இடம். கிரேக்கத் தொன்மம் ஆனாலும் நார்ஸ் தொன்மம் ஆனாலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நார்ஸ் என்றால் இன்றைய நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஐஸ்லாந்து மக்களின் முன்னோர், அதாவது கிறிஸ்தவத்துக்கு மாறுவதற்கு முந்தைய வடதேசத்தார். வைக்கிங் என்று சினிமாவில் பார்ப்பது இவர்களில் கப்பலேறிப் போனவர்களைத்தான்.

கதைகள் நம் கைக்கு வந்த வழியும் ஒன்றல்ல. கிரேக்கத்தில் இலியட், ஒடிஸி காவியங்களைப் பாடிய ஹோமர், இன்னொரு கவிஞரான ஹீஸியட் இருவரும்தான் பழைய வாசல், ஏறக்குறைய கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகள். தெய்வங்களுக்குப் பெயரும் பெருமையும் தொழிலும் உருவமும் வகுத்துக் கொடுத்தவர்கள் இவர்கள்தான் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். அப்போது ஊரெங்கும் அந்தத் தெய்வங்களுக்குப் பூசை நடந்துகொண்டிருந்தது. நார்ஸ் கதைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐஸ்லாந்து கி.பி. 1000 வாக்கில் கிறிஸ்தவத்தை ஏற்றுக்கொண்டது. ஸ்னோரி ஸ்துர்லுசன் என்ற ஐஸ்லாந்துத் தலைவர் கதைகளைத் தொகுத்து எழுதியது 1220 வாக்கில். பழைய பாட்டுகளைக் காப்பாற்றிக் கொடுத்த முக்கியமான தோல் சுவடி அதற்கும் பிந்தியது, 1270களைச் சேர்ந்தது. அதில் இன்று மிஞ்சியிருப்பவை 45 ஏடுகள். பல காலம் டென்மார்க்கில் இருந்த அந்தச் சுவடியை 1971இல் ஐஸ்லாந்துக்குத் திருப்பிக் கொடுத்தபோது, விமானத்தை நம்பாமல் போர்க்கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். போனால் போனதுதானே!

சீட்டுப் போட்டுப் பிரித்த வீடு

கிரேக்கத் தெய்வங்கள் பிறக்கும்போதே ராஜாக்கள் அல்ல. முந்தைய தலைமுறையான டைட்டன்களோடு பத்து ஆண்டு சண்டை போட்டு ஜெயித்தவர்கள். தோற்றவர்களைப் பாதாளத்துக்கும் கீழே இருக்கும் டார்ட்டரஸில் அடைத்தார்கள். அது எவ்வளவு ஆழம்? பூமியிலிருந்து ஒரு பட்டறைக்கல்லைப் போட்டால் ஒன்பது பகல் ஒன்பது இரவு விழுந்து, பத்தாம் நாள்தான் அடியைத் தொடும் என்கிறார் ஹீஸியட்.

அதற்கப்புறம் பாகப்பிரிவினை. மூன்று சகோதரர்கள் சீட்டுப் போட்டார்கள். ஜீயஸுக்கு வானம், பொசைடனுக்குக் கடல், ஹேடீஸுக்குக் கீழுலக இருட்டு. பூமியும் ஒலிம்பஸ் மலையும் மூவருக்கும் பொது. பங்கு பிரித்த வீட்டில் முற்றத்தைப் பொதுவில் விட்ட மாதிரி. இந்தக் கணக்கை நமக்குச் சொல்வது பொசைடன்தான், அதுவும் கோபத்தில். டிராய் போர்க்களத்தை விட்டு வெளியேறு என்று ஜீயஸ் ஆளனுப்புகிறான். எனக்கும் சமபங்கு உண்டு, அவன் தன் மூன்றில் ஒரு பங்கோடு நிற்கட்டும் என்று பொசைடன் வெடிக்கிறான். தூது வந்த ஐரிஸ் நிதானமாக, பழிவாங்கும் தேவதைகள் எப்போதும் மூத்தவர்கள் பக்கம்தான் நிற்பார்கள் என்று உனக்குத் தெரியாதா என்று நினைவூட்டுகிறாள். முணுமுணுத்துக்கொண்டே கடலுக்குள் இறங்கிப் போகிறான். வேடிக்கை என்னவென்றால், ஹோமர் கணக்கில்தான் ஜீயஸ் மூத்தவன். ஹீஸியட் கணக்கில் அவன் கடைக்குட்டி! தொன்மம் படிக்கும்போது இப்படி ஒன்றுக்கொன்று முட்டும் விவரங்கள் வந்துகொண்டே இருக்கும். எது அசல் என்று தேடினால் தலைவலிதான் மிச்சம். இரண்டும் அசல்தான், பாடிய ஊர் வேறு.

பொது இடமான ஒலிம்பஸில் ஆளுக்கொரு வீடு உண்டு. கட்டிக் கொடுத்தவன் கொல்லர் தெய்வமான ஹெஃபெஸ்டஸ். அந்த வீடுகளைப் பற்றி ஹோமர் சொல்லும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஜீயஸுக்கும் அவன் மனைவி ஹீராவுக்கும் சாப்பாட்டுக் கூடத்தில் சண்டை. ஜீயஸ் ஓர் அதட்டல் போட, எல்லோரும் கப்சிப். காலை விந்தி விந்தி நடக்கும் ஹெஃபெஸ்டஸ் எழுந்து போய் அம்மாவின் கையில் கோப்பையைக் கொடுத்துச் சமாதானம் செய்கிறான். முன்னொரு தரம் உனக்குப் பரிந்து பேசப் போய்த்தானே அப்பா என் காலைப் பிடித்து வாசலுக்கு வெளியே வீசினார், நாள் முழுக்க விழுந்து பொழுது சாயும்போது லெம்னோஸ் தீவில் கிடந்தேன் என்கிறான். ஹீரா சிரித்துவிடுகிறாள். அப்புறம் அவன் தட்டுத் தடுமாறி ஒவ்வொருவருக்கும் நெக்டார் என்ற தெய்வ பானத்தை ஊற்றிக்கொண்டு போவதைப் பார்த்துக் கூடமே சிரிக்கிறது. பொழுது சாய்ந்ததும், அவரவர் அவன் கட்டிக் கொடுத்த அவரவர் வீட்டுக்குத் தூங்கப் போகிறார்கள். கேலிக்கு ஆளானவன் கட்டிய கூரைக்குக் கீழேதான் கேலி செய்தவர்கள் எல்லோரும் படுக்கிறார்கள்.

அந்த மலை வீட்டின் பெரிய வசதி வானிலை. அங்கே காற்று உலுக்காது, மழை நனைக்காது, பனி விழாது, மேகமில்லாத வெளிச்சம் பரவிக் கிடக்கும் என்கிறது ஒடிஸி. நிஜ ஒலிம்பஸில் குளிர்காலம் முழுக்கப் பனி. உச்சியை மேகம் மூடிக்கொண்டே இருக்கும். கீழே நின்று பார்த்தவர்களுக்கு அந்த மேகம் கதவாகத் தெரிந்திருக்கிறது. பருவங்களின் தேவதைகள் மேகக் கதவைத் திறந்து மூடுகிறார்கள் என்று பாடினார்கள். மிட்டிகாஸ் என்ற அதன் உச்சி முகட்டை மனிதர்கள் முதன்முதலில் தொட்டதாகப் பதிவானது 1913 ஆகஸ்ட் 2 அன்று. கிறிஸ்டோஸ் காக்கலோஸ் என்ற உள்ளூர் வேட்டைக்காரர் இரண்டு சுவிஸ்காரர்களுக்கு வழிகாட்டிக்கொண்டு ஏறினார்.

ஒலிம்பஸில் வீடு இருந்தாலும் எல்லோரும் அங்கேயே அடைந்து கிடக்கவில்லை. பொசைடனுக்கு ஏகே என்ற இடத்தில் கடலடியில் பொன் மாளிகை. சமோத்ரேஸ் தீவின் உச்சியிலிருந்து அவன் இறங்கி நடந்தால் மலையும் காடும் நடுங்கும். நாலாவது எட்டில் வீடு வந்துவிடும். ஏன் நடுங்க வேண்டும்? நிலநடுக்கமும் அவன் வேலைதான். ஹேடீஸ் ஒலிம்பஸ் பக்கம் தலைகாட்டுவதே இல்லை என்று சொல்லலாம். பன்னிரண்டு ஒலிம்பியர் பட்டியலிலும் பொதுவாக அவனைச் சேர்ப்பதில்லை. அவன் பெயரைச் சொல்லவே மக்கள் தயங்கி, செல்வம் தருபவன் என்ற பொருளில் புளூட்டோன் என்றார்கள். விதையும் உலோகமும் மண்ணுக்கடியில்தானே! இலியட்டில் தெய்வங்களே இரு கட்சியாக மோதும்போது பூமி குலுங்குகிறது. உடனே ஹேடீஸ் சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்து அலறுகிறான். பயம் உயிருக்கு அல்ல. மேலே தரை பிளந்து, பூஞ்சை பிடித்த தன் வீடு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடுமோ என்ற பயம். தெய்வங்களே அருவருக்கும் வீடு என்கிறார் ஹோமர். முன்னறிவிப்பில்லாமல் விருந்தாளி வந்தால் நாம் படும் பாடு பாதாள ராஜாவுக்கும் உண்டு.

இலாகா என்று சொன்னால் போதுமா?

பள்ளிப் புத்தகங்களில் ஒரு பட்டியல் இருக்கும். போருக்கு ஏரீஸ், அழகுக்கு அஃப்ரோடைட்டி, அறிவுக்கு அதீனா, தூதுக்கு ஹெர்மிஸ், வேட்டைக்கு ஆர்ட்டெமிஸ், அருள்வாக்குக்கும் இசைக்கும் அப்பல்லோ, விளைச்சலுக்கு டெமிட்டர், அடுப்புத் தீக்கு ஹெஸ்டியா, திராட்சை மதுவுக்கு டயனைசஸ். பார்க்க மந்திரிசபை இலாகாப் பட்டியல் மாதிரி இருக்கும். ஆரம்பத்துக்கு இது உதவும், ஆனால் ரொம்ப நம்பிவிடக் கூடாது. போர் ஏரீஸுடையது என்றால், நகரத்தைக் காக்கும் போர் அதீனாவுடையது. பொசைடனுக்குக் கடலோடு குதிரையும் உண்டு. ஜீயஸை எடுத்துக்கொண்டால் இடி மின்னல் ஒரு பக்கம்தான். விருந்தாளிகளைக் காப்பவனும் ஜீயஸ், சத்தியத்துக்குச் சாட்சியும் ஜீயஸ், வீட்டு முற்றத்தில் பலிபீடம் வைத்துக் கும்பிடுவதும் ஜீயஸை. சாமான் அறையில் ஜாடியில் நீரும் எண்ணெயும் பழமும் இட்டு வைத்து வணங்கினார்களே, அந்த ஜாடிச் சாமியும் ஜீயஸ்தான். பட்டப்பெயர் மாறும்போது வேலை மாறும். கிரேக்கக் குடியானவனுக்கு மலை மேலே இருந்த ஜீயஸை விட ஜாடியில் இருந்த ஜீயஸோடுதான் அன்றாடப் பழக்கம் என்று நினைக்கிறேன்.

ஒரு தெய்வம் வேலையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. டெமிட்டரின் மகள் பெர்செஃபொனியை ஹேடீஸ் தூக்கிக்கொண்டு போய்விட்டான். டெமிட்டர் ஒலிம்பஸை விட்டே வெளியேறி, ஏதென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எலியூசிஸ் ஊரில் தனக்கென்று எழுப்பிய கோயிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு விதையும் முளைக்கவில்லை. மனிதர்கள் பட்டினி. பட்டினி கிடக்கும் மனிதன் பலி கொடுக்க முடியாது, பலியில்லாவிட்டால் மேலே இருப்பவர்களுக்கு மரியாதை இல்லை. ஜீயஸ் ஆள் மேல் ஆள் அனுப்பிப் பார்த்தான், அவள் அசையவில்லை. கடைசியில் மகளைத் திருப்பித் தரவேண்டியதாயிற்று. ஆனால் அங்கே மாதுளை முத்தைத் தின்றுவிட்ட பாவத்துக்கு, ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு அவள் கீழேயே இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. வீட்டை விட்டுக் கோயிலுக்குக் குடிபோவதையே ஒரு வேலைநிறுத்தமாக மாற்றியவள் டெமிட்டர்.

கோயில் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிரேக்க மொழியில் கோயிலுக்கு நாவோஸ் என்று பெயர்; குடியிருப்பது என்ற வினையோடு சேர்ந்த சொல். அது தெய்வத்தின் வீடுதான், மக்கள் கூடி வழிபடும் மண்டபம் அல்ல. பலிபீடம் வெளியே, திறந்தவெளியில். கொழுப்பும் தொடை எலும்பும் எரிந்து புகை மேலே போகும். கறியைக் கூட்டம் பங்கிட்டுச் சாப்பிடும். உள்ளே சிலை மட்டும் இருக்கும், அதோடு அந்தத் தெய்வத்தின் சொத்தும். ஏதென்ஸ் பார்த்தினான் கோயிலில் ஃபீடியஸ் செய்து கி.மு. 438இல் நிறுவிய அதீனா சிலை தந்தமும் தங்கமுமானது. அதன் தங்கத் தகடுகளைக் கழற்றி எடுக்க முடியும். ஸ்பார்ட்டாவோடு போர் மூண்டபோது ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் நகரத்தின் கையிருப்பைக் கணக்குக் காட்டியதில் அம்மனின் மேலிருந்த அந்த 40 டாலண்ட் தங்கமும் சேர்த்தி, ஏறக்குறைய ஆயிரம் கிலோ! அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் திருப்பி வைத்துவிட வேண்டும் என்றார்.

இரண்டு தீக்கு நடுவே ஒரு விலாசப் பட்டியல்

வடக்கே போவோம். நார்ஸ் தெய்வங்களின் வீடுகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரு பழைய பாட்டிலிருந்து வருகிறது. அதைப் பாடுபவன் நார்ஸ் தெய்வங்களின் தலைவனான ஓடின், பாடும் இடம் சித்திரவதைக் கூடம்.

ஓடினும் மனைவி ஃப்ரிக்கும் எல்லா உலகமும் தெரியும் உயர்ந்த ஆசனத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஓடின் வளர்த்துவிட்ட கெய்ர்ரோட் என்ற அரசன் சோறு போடாத கஞ்சன் என்று ஃப்ரிக் குத்திக் காட்டுகிறாள். இல்லை என்று ஓடின் பந்தயம் கட்டி, நீலப் போர்வை போர்த்திய நாடோடியாக வேடமிட்டுப் போகிறான். ஃப்ரிக் முன்பே ஆளனுப்பி, வருபவன் மந்திரவாதி என்று அரசனின் காதில் போட்டுவைத்திருக்கிறாள். அரசன் பிடித்து, இரண்டு தீக்கு நடுவே எட்டு இரவு உட்கார வைக்கிறான். அன்னமில்லை, தண்ணீரில்லை. அரசனின் பத்து வயது மகன் அக்னர் மட்டும் ஒரு கொம்பு நிறையக் குடிக்கக் கொண்டுவந்து கொடுக்கிறான். அதற்குள் போர்வை பற்றிக்கொள்கிறது. அந்தப் பையனுக்காகத்தான் ஓடின் பாட ஆரம்பிக்கிறான். இடி தெய்வமான தோர் வீடு இது, அழகனான பால்டர் வீடு இது, கூரை வெள்ளி, தூண் பொன் என்று ஒவ்வொன்றாக. கடைசியில் தன் பெயரைச் சொல்கிறான். அரசன் பதறி எழுந்து அவனை விடுவிக்க ஓடிவரும்போது, மடியிலிருந்த வாள் நழுவி, அதன் மேலேயே விழுந்து சாகிறான்.

தெய்வங்களின் கோட்டை அஸ்கார்ட். மனிதர்கள் இருப்பது மிட்கார்ட். இரண்டையும் இணைப்பது பிஃப்ரோஸ்ட் என்ற வானவில் பாலம். வானவில்லில் தெரியும் சிவப்பு, அரக்கர்கள் ஏறிவிடாமல் அதில் எரியும் நெருப்பு என்றார் ஸ்னோரி. பாலத்தின் தலைமாட்டில் ஹெய்ம்டால் வீடு. அவன் காவல்காரன், தூக்கம் ஒரு பறவையுடையதை விடக் குறைவு, புல் முளைக்கும் சத்தம் கேட்கும். தெய்வங்கள் தினமும் பாலத்தில் குதிரையேறி, இக்ட்ராசில் என்ற மாமரத்தின் வேரடிக் கிணற்றருகே பஞ்சாயத்துக்குப் போகிறார்கள். தோர் மட்டும் ஆறுகளில் இறங்கி நடந்தே போகிறான். மாமரம் என்றதும் மாங்காய் நினைவு வேண்டாம். மாபெரும் மரம், ஆஷ் என்ற இனம்.

வல்ஹல்லா இந்தக் கோட்டைக்குள் இருக்கும் ஓடினின் மண்டபம். ஈட்டிகளே கைமரம், கேடயங்களே கூரை ஓடு, பெஞ்சுகளின் மேல் இரும்புச் சட்டை விரித்திருக்கும். போரில் செத்த வீரர்கள் பகலெல்லாம் வெட்டிக்கொண்டு, மாலையில் எழுந்து ஒன்றாகச் சாப்பிட உட்காருவார்கள். ஒரே பன்றியைத்தான் தினமும் சமைப்பது. மறுநாள் அது முழுசாக எழுந்து நிற்கும். கூரை மேல் நிற்கும் ஒரு வெள்ளாட்டின் மடியிலிருந்து தேன் மது சுரக்கும். ஓடினுக்கு அந்தக் கறி வேண்டாம். தன் பங்கைக் காலடியில் கிடக்கும் இரண்டு ஓநாய்களுக்குப் போட்டுவிட்டு மது மட்டும் குடிப்பான்.

அந்த மண்டபத்துக்கு 540 வாசல், வாசலுக்கு 800 வீரர்கள் என்கிறது பாட்டு. பெருக்கிப் பார்த்தால் 4,32,000. கலியுகக் கணக்கு! இதை வைத்து இணையத்தில் நிறையப் பேர் பரவசப்படுகிறார்கள். பழைய நார்ஸ் பேச்சில் நூறு என்பது பெரும்பாலும் 120ஐக் குறிக்கும். அப்படி எண்ணினால் 640 வாசல், 960 வீரர்கள். கணக்கு எங்கோ போய்விடும். நிறைய வாசல், நிறைய ஆள் என்பதுதான் பாட்டுக்காரன் சொல்ல வந்தது.

ஏன் அத்தனை ஆள்? இங்கேதான் இரண்டு தொன்மங்களும் பிரிகின்றன என்பது என் எண்ணம். கிரேக்கத் தெய்வங்களின் பெரும் போர் முடிந்துபோனது. ஒலிம்பஸ் வெற்றிக்குப் பின் கட்டிய வீடு, ஓய்வுக்கான வீடு. நார்ஸ் தெய்வங்களின் பெரும் போர் இனிமேல்தான் வரப்போகிறது. ரக்னராக் என்ற அந்த நாளில் தாங்கள் தோற்கப்போகிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வல்ஹல்லா சொர்க்கம் மாதிரி தெரிந்தாலும் உண்மையில் அது ஒரு படைமுகாம். சாவிலும் வித்தியாசம் உண்டு. கிரேக்கத் தெய்வங்களுக்குச் சாவில்லை, மூப்பும் இல்லை. நார்ஸ் தெய்வங்களுக்கு இடுன் என்ற தேவி வைத்திருக்கும் ஆப்பிள் வேண்டும். ஒருமுறை அவளை ஓர் அரக்கன் கடத்தியதும் எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது.

கோட்டையின் மதிலே ஒரு மோசடியில் எழுந்ததுதான். முன்பின் தெரியாத ஒரு கொத்தன் வந்து கட்டித் தருகிறேன் என்றான். கூலியாக ஃப்ரேயா தேவியையும் சூரியனையும் சந்திரனையும் கேட்டான். ஒரே குளிர்காலத்தில் முடித்தால் தருகிறோம் என்று, முடியாது என்ற தைரியத்தில் ஒப்புக்கொண்டார்கள். அவனுடைய குதிரை இரவெல்லாம் மலை மலையாகக் கல் இழுத்தது. கெடு முடிய மூன்று நாள், பாக்கி வாசல் மட்டும். இந்த ஒப்பந்தத்துக்கு யோசனை சொன்னவன் தெய்வங்களோடு வாழ்ந்த தந்திரக்காரன் லோகி; அவன் கழுத்தைப் பிடித்தார்கள். அவன் பெட்டைக் குதிரையாக மாறி அந்தக் குதிரையை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினான், வேலை நின்றது. கொத்தன் அரக்கன் என்று தெரிந்ததும், கொடுத்த சத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு தோர் சுத்தியலால் அடித்தான். சில காலம் கழித்து லோகி ஒரு குட்டி ஈன்றான், எட்டுக் கால் குட்டி. அதுதான் ஓடின் ஏறும் ஸ்லெய்ப்னிர். ஸ்டிக்ஸ் நதி மேல் பொய்ச் சத்தியம் செய்த கிரேக்கத் தெய்வம் ஓர் ஆண்டு மூச்சுப் பேச்சின்றிக் கிடந்து, பிறகு ஒன்பது ஆண்டு சபைக்கே வராமல் தள்ளிவைக்கப்படும். இங்கே அப்படித் தண்டனை எதுவும் எழுதி வைக்கவில்லை. ஆனால் சத்தியம் உடைந்த அந்த இடத்திலிருந்தே அழிவை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டது போல இன்னொரு பழம்பாட்டு அடுக்கிக்கொண்டு போகிறது.

வீடும் வேலையும் ஒன்றுதான் என்பதற்கு நியோர்த், ஸ்காடி கதையை விடப் பொருத்தமானது இல்லை. ஸ்காடியின் அப்பாவைத் தெய்வங்கள் கொன்றுவிட்டன. இடுனைக் கடத்திய அரக்கன் அவன்தான். அவள் ஆயுதத்தோடு அஸ்கார்டுக்கு நியாயம் கேட்டு வந்தாள். ஈடாக ஒரு மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்துக்கொள், ஆனால் பாதத்தை மட்டும்தான் பார்க்கலாம் என்றார்கள். மிக அழகான பாதத்தைக் காட்டி, இது பால்டராகத்தான் இருக்கும் என்றாள். பார்த்தால் கடல் தெய்வமான நியோர்த். நியோர்த்தின் வீடு நோவாதூன், கப்பல்கள் நிற்கும் துறை என்று பொருள். காற்றும் மீன்பாடும் அவன் கையில். அவள் வீடு மலை மேல் த்ரிம்ஹெய்ம். வில்லும் பனிச்சறுக்குக் கட்டையுமாகத் திரிபவள். ஒன்பது இரவு மலையில், ஒன்பது இரவு கடலோரத்தில் என்று ஒப்பந்தம். மலையிலிருந்து இறங்கி வந்த நியோர்த், அன்னத்தின் பாட்டைக் கேட்ட காதுக்கு ஓநாய் ஊளை நாராசம் என்றான். கடலோரத்தில் அவளுக்குத் தூக்கமே இல்லை. விடியற்காலையில் கடற்காகம் கத்தி எழுப்பிவிடுகிறது என்றாள். அவள் மலைக்கே திரும்பிப் போய்விட்டாள். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. வேலையை விட்டுவிட்டு இருவரில் எவரும் இடம்பெயர முடியாது.

இன்னொரு பொதுவான தவறு, ஓடினை வடதேசத்து ஜீயஸ் என்பது. அந்தக் காலத்து ஆட்களே அப்படி நினைக்கவில்லை. ரோமானியர்கள் கோள்களின் பெயரில் கிழமைகளை வைத்திருந்தார்கள். ஜெர்மானிய மக்கள் ஒவ்வொன்றுக்கும் தங்கள் தெய்வத்தைப் பொருத்தினார்கள். அதே கோள் வரிசையில்தான் நம் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளியும் வருகின்றன. வியாழன் கோள் ரோமானியருக்கு ஜூபிடர், கிரேக்கருக்கு ஜீயஸ். அந்த நாளை அவர்கள் இடி தெய்வமான தோருக்குக் கொடுத்தார்கள், தர்ஸ்டே. ஓடினுக்குக் கிடைத்தது வெட்னஸ்டே, புதன், அதாவது ஹெர்மிஸின் நாள். யோசித்தால் சரிதான். ஊர் ஊராகத் திரிபவன், தந்திரக்காரன், செத்தவர்களை அழைத்துப் போகிறவன், அறிவுக்காகக் கண்ணையே விலை கொடுத்தவன். சிம்மாசனத்தில் சாய்ந்திருக்கும் ராஜா அல்ல.

ஓடின் வீட்டுக்கு எல்லோரும் போக முடியாது என்பதும் முக்கியம். போரில் செத்தவர்களிலேயே பாதி ஃப்ரேயாவின் ஃபோல்க்வாங் வெளிக்குப் போவார்கள். நோயிலும் மூப்பிலும் செத்தவர்கள் ஹெல் என்பவளிடம். அவளுடைய தட்டின் பெயர் பசி, கத்தியின் பெயர் பஞ்சம். கடலில் செத்தவர்களை ரான் என்ற தேவி வலை போட்டு எடுத்துக்கொள்வாள். பிரபுக்கள் ஓடினுக்கு, அடிமைகள் தோருக்கு என்று ஒரு பாட்டில் ஓடினே தோரைச் சீண்டுகிறான். சாதாரண ஜனங்களுக்கு நெருக்கமானவன் தோர்தான். கழுத்தில் அவன் சுத்தியலைத் தாயத்தாகப் போட்டுக்கொண்டார்கள். டென்மார்க்கில் ட்ரெண்ட்கார்டன் என்ற இடத்தில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டு மாக்கல் அச்சு ஒன்றில் சிலுவையும் வார்க்கலாம், தோரின் சுத்தியலும் வார்க்கலாம். வியாபாரிக்கு வாடிக்கையாளர் இருவருமே வேண்டும்!

தோரை வீட்டோடு பெயர்த்துக்கொண்டு போன ஒருவரின் கதை, சாகா எனப்படும் பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதைகளில் ஒன்றில் இருக்கிறது. தோரோல்ஃப் என்பவர் நார்வேயில் தன் ஊர் தோர் கோயிலைப் பிரித்து, மரங்களையும், சிலை நின்ற பீடத்தின் அடிமண்ணையும் கப்பலில் ஏற்றினார். ஐஸ்லாந்துக் கரை தெரிந்ததும், தோர் உருவம் செதுக்கிய தூண்களைக் கடலில் தள்ளிவிட்டார். அவை எங்கே ஒதுங்குகின்றனவோ அங்கே குடியேறுவது என்று முடிவு. ஒதுங்கிய இடம் இன்றும் தோர்ஸ்நெஸ், தோரின் முனை. அங்கே ஹெல்கஃபெல், புனிதக் குன்று, என்று பெயர் வைத்த ஒரு குன்று. உயரம் வெறும் 73 மீட்டர். முகம் கழுவாமல் யாரும் அதைப் பார்க்கக்கூடாது என்று உத்தரவு. தானும் தன் குடும்பமும் செத்தால் அந்தக் குன்றுக்குள்தான் போவோம் என்று அவர் நம்பினார். வல்ஹல்லா பேச்சே இல்லை.

அவர் மகன் தோர்ஸ்டைன் ஓர் இலையுதிர் காலத்தில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போனான். அன்று மாலை ஆடு தேடிக் குன்றின் வடபக்கம் போன மேய்ப்பன், குன்று கதவு போலத் திறந்திருப்பதைப் பார்த்தான். உள்ளே பெரிய பெரிய தீ, கொம்புக் குவளைகள் மோதும் சத்தம், கூட்டத்தின் கலகலப்பு. காதைக் கொடுத்துக் கேட்டான். தோர்ஸ்டைனையும் அவன் கூட்டாளிகளையும் வரவேற்று, அப்பாவுக்கு எதிரே இருக்கும் உயர்ந்த ஆசனத்தில் வந்து உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேய்ப்பன் வீட்டுக்கு வந்து தோர்ஸ்டைனின் மனைவியிடம் சொன்னான். இது ஏதோ பெரிய சேதிக்கு முன்னறிகுறியாக இருக்கும் என்று மட்டும் அவள் சொன்னாள். மறுநாள் காலையில் ஆட்கள் வந்தார்கள், தோர்ஸ்டைன் கடலில் மூழ்கிவிட்டான் என்று சொல்ல.